விமானம் ஏறும் முன் மாட்டை அளந்து பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்திருக்கிறேன். வயது 17. கால்நடை மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200-க்கு 189 வருகிறது. ஆடு மாட்டுக்கு ஊசி போடும் டாக்டராக எனக்கு விருப்பமில்லை. யானை, சிங்கம், காண்டாமிருகத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மூன்று வார 'ப்ரீ-வெட்' வனவிலங்கு மருத்துவப் பயிற்சி இருப்பதாக ஒரு முகவர் மூலம் தெரிந்தது. லிம்போப்போ மாகாணம், ஹூட்ஸ்ப்ரெய்ட் பக்கம். ஆகஸ்டில் தொடக்கம். கட்டணம் 2,80,000 ரூபாய்; விமானம், விசா தனி. மயக்க ஊசித் துப்பாக்கி சுடக் கற்றுத் தருவார்களாம். தாயில்லாச் சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கலாமாம். முடிவில் 120 மணி நேரச் சான்றிதழ். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஏலச்சீட்டு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி 25,000 முன்பணமும் கட்டிவிட்டார். மீதியை ஜூன் 30-க்குள் கட்ட வேண்டும். அம்மா அழுகிறார். இந்தச் சான்றிதழை வைத்து வெளிநாட்டுக் கல்லூரியில் நேரடியாக வனவிலங்கு மருத்துவம் சேர முடியுமா? இங்கே ஐந்தரை வருடத்தை மாட்டோடு கழிப்பதைவிட அது மேல்தானே? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?"

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசையில் தவறு ஏதும் இல்லை. அதற்குப் போட்டிருக்கும் வழியில்தான் சில ஓட்டைகள். அடைக்கக்கூடியவைதான், ஆனால் ஜூன் 30-க்கு முன் அடைக்க வேண்டும்.

முதலில் 'ப்ரீ-வெட்' என்ற சொல். இது அமெரிக்க வழக்கு. அங்கே பள்ளி முடித்ததும் கால்நடை மருத்துவம் சேர முடியாது. பெரும்பாலோர் நான்கு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பிறகு நான்கு ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்த முதல் நான்கு ஆண்டில் இருப்பவரை 'ப்ரீ-வெட்' மாணவர் என்பார்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு பி.வி.எஸ்சி. சேர்ந்துவிடுகிறோம். ஆக, இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு படிப்பு என்ற தகுதி கிடையாது. உங்களுக்கு விற்கப்படுவது ஒரு சுற்றுலாவும் கொஞ்சம் கற்றலும் கலந்த ஏற்பாடு. அப்படி ஒன்று இருப்பதில் குற்றமில்லை. அதைப் படிப்பு என்று நம்பிப் பணம் கட்டுவதில்தான் சிக்கல்.

அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?

தமிழ்நாட்டில் செல்லாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு நீட் மதிப்பெண். இரண்டிலும் 'வெளிநாட்டு அனுபவம்' என்று ஒரு கட்டம் கிடையாது.

அமெரிக்காவில் செல்லும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அனுபவத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்தது ஒரு கணக்கு; மருத்துவர் இல்லாமல் விலங்குகளோடு பழகியது இன்னொரு கணக்கு. சிங்கக்குட்டிக்குப் பால் கொடுத்த மணி நேரமெல்லாம் இரண்டாவதில்தான் விழும். அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று விவரம் தெரிந்த ஒருவர் நேர்காணலில் கேட்டால், அது உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, 'நேரடியாக வனவிலங்கு மருத்துவம்'. கால்நடை மருத்துவருக்கான முதல் பட்டம் பொதுப் பட்டம்தான். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவப் புலம் ஒன்றே ஒன்று: பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டபோர்ட். அங்கே ஆறு ஆண்டுப் படிப்பு; அங்கும் மாடு, குதிரை, பன்றி, நாய், கோழி எல்லாம் படித்துத்தான் வெளியே வருவார்கள். லண்டனில் ராயல் வெட்டரினரி காலேஜும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்தும் காட்டு விலங்கு நலம் என்ற முதுநிலைப் படிப்பு பெயர்பெற்றது. அதில் சேரக் கால்நடை மருத்துவப் பட்டம் கையில் இருக்க வேண்டும். வனவிலங்கு என்பது மேலே பிரியும் கிளை. அடிமரத்தைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

வெளிநாட்டிலேயே அடிப்படைப் பட்டமும் படிக்கலாம். அப்படியானால் சேரும் முன்பே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டங்கள் அதில்தான் இருக்கும். படித்த பட்டம் அதில் இல்லையென்றால், ஊருக்குத் திரும்பி ஒரு கோழிக்கு மருந்து எழுதுவதற்குக்கூடப் பதிவெண் வாங்குவது பெரும்பாடு. முகவர்கள் இந்த அட்டவணையைப் பற்றிப் பேச மாட்டார்கள். கட்டண ரசீதைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

மாடு என்ன பாவம் செய்தது?

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் உறுத்திய வரி இதுதான். காட்டு விலங்கு மருத்துவத்தின் பெரிய கதைகள் பலவும் மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்குகின்றன.

பிணந்தின்னிக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்ததற்குக் காரணம், மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்தால் அதன் இறைச்சியில் மருந்து தங்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்து உடம்புக்குள் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படியும். 2004-இல் இந்தத் தொடர்பு உறுதியானது; 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பதிலாகப் பாதுகாப்பான மெலாக்சிகாம் இருக்கிறது. மாயாறு பள்ளத்தாக்கில் இன்று ஒரு கழுகு உயிரோடு வட்டமிடுகிறது என்றால், சுற்றுவட்டார ஊர் ஒன்றில் ஒரு மாட்டு டாக்டர் எந்த மருந்துக் குப்பியை எடுத்தார் என்பதற்கும் அதில் பங்குண்டு. அவரும் வனவிலங்கு மருத்துவர்தான், என் கணக்கில்.

நீங்கள் போக நினைக்கும் இடத்திலும் அதே கதை. ஹூட்ஸ்ப்ரெய்ட் என்பது க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரம். க்ரூகரின் காட்டெருமைகளுக்குக் காசநோய் வந்தது பண்ணை மாடுகளிடமிருந்து. எருமையைத் தின்ற சிங்கங்களுக்கு அது அங்கிருந்து போனது. கோமாரி நோயோ எதிர்த்திசையில் பாயும். காட்டெருமை நோய்க்குறியே இல்லாமல் கிருமியைச் சுமக்கும். வேலி தாண்டினால் ஊர் மாடு நோயில் விழும். அதனால் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் வாரம் ஒரு முறை மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டிக்கு ஓட்டி வந்து வாயையும் குளம்பையும் சோதிக்கிறார்கள். சின்ன ஊர்களில் காலை வெயிலில் வரிசையாக மாடுகள், பதிவேட்டோடு ஒரு கால்நடைத் தொழில்நுட்பர். அந்தப் பகுதி வனவிலங்கு மருத்துவத்தின் அன்றாட முகம் அதுதான். உங்கள் பயிற்சி நிரலில் அந்தத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நடத்துபவர்களுக்கு விஷயம் தெரியும்.

தமிழ்நாட்டிலும் காட்டுக்குப் போகும் வழி இதுவே. பி.வி.எஸ்சி. முடித்து, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மூலம் கால்நடை உதவி மருத்துவராகி, அங்கிருந்து வனத்துறைக்கு அயற்பணியில் போய் வனக் கால்நடை மருத்துவர் ஆவது பலர் நடந்த பாதை. டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் யானைகளுக்கு வைத்தியம் பார்த்து, காட்டில் செத்த யானைகளையும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று நின்ற டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியும் கால்நடை மருத்துவம் படித்து வந்தவர்தான். மேற்படிப்பு என்றால் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வனவிலங்கு அறிவியல் துறை இருக்கிறது. வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வனவுயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. பரேலிக்குப் பக்கத்தில் இசத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

துப்பாக்கியைப் பற்றி

'மயக்க ஊசி சுடக் கற்றுத் தருவோம்' என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். வெறும் தண்ணீர் நிரப்பிய ஊசியை அட்டைப் பலகையில் சுடச் சொல்வது ஒன்று. அது விளையாட்டு, போகட்டும். உயிருள்ள விலங்கின் மேல் மருந்து ஊசியைச் சுட உங்களை விடுவார்கள் என்றால், அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள கால்நடை மருத்துவக் கழகத்தில் பதிவு செய்யாதவர் கால்நடை மருத்துவச் செயல்களைச் செய்யக் கூடாது. இந்தியாவில் பதிவெண்ணுக்கு மேல், 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினச் சட்டப்படி தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும்.

சட்டம் மட்டும் காரணமில்லை. காண்டாமிருகத்துக்குப் பயன்படும் எடார்ஃபின் மருந்து அபினி வகையைச் சேர்ந்தது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம். தென்னாப்பிரிக்காவில் எம்-99 என்ற பெயரில் கிடைப்பதில் ஒரு மில்லிலிட்டருக்கு 9.8 மில்லிகிராம் இருக்கும். இரண்டு டன் எடையுள்ள வெள்ளைக் காண்டாமிருகத்தைச் சாய்க்க 4 மில்லிகிராம் அளவு போதும். அதாவது அரை மில்லிலிட்டர்கூட இல்லை. அதில் ஒரு துளி மனிதரின் கண்ணிலோ கையிலுள்ள கீறலிலோ பட்டால் மூச்சு நின்றுபோகலாம். ஊசி அழுத்தக் காற்றில் இயங்குவது. நிரப்பும்போதும், விலங்கிலிருந்து பிடுங்கிய பிறகும் பீய்ச்சி அடிக்க வாய்ப்புண்டு. அதனால் மருந்தைத் தொடுபவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருப்பார். தனியாக நிரப்ப மாட்டார். மனிதருக்கான மாற்றுமருந்து பக்கத்தில் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி இருக்கும். அதைப் போடத் தெரிந்த இன்னொருவர் உடன் நிற்பார்.

ஊசி சுடுவது மொத்த வேலையில் ஒரு நொடி. அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரத்தில்தான் விலங்கு பிழைப்பதும் சாவதும் தீர்மானமாகிறது. அதிலும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு விதி. காண்டாமிருகத்தை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். கண்ணைக் கட்டி, காதில் துணி அடைத்து, மூச்சு குறைந்தால் பியூட்டார்ஃபனால் என்ற மருந்தைக் கொடுத்து மூச்சைத் தூக்கிவிடுவார்கள். யானையை அப்படி நெஞ்சின்மேல் கிடக்க விட்டால் அந்த எடை அழுத்தி மூச்சு முட்டிச் செத்துவிடும். உடனே கயிறு போட்டுப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். தும்பிக்கையை நேராக நீட்டி, நுனித் துளை மூடிக்கொள்ளாமல் ஒரு சின்னக் குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். ஒட்டகச்சிவிங்கி இன்னும் பொல்லாதது. அது விழுந்த மறுகணமே மாற்றுமருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு, விழித்த விலங்கை நாலைந்து பேர் கழுத்தின் மேல் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். மயக்கத்தில் கிடக்க விட்டால் அது பிழைப்பது அரிது.

துரத்தல் நீண்டால் இன்னொரு ஆபத்து. வெயிலில் ஓடவிட்ட விலங்கின் தசை நொறுங்கி, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்; சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். எழுந்து நடந்து போன மான் சில நாள் கழித்துக் காட்டில் செத்துக் கிடக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிடிப்பு வேலையை அங்கே குளிர்மாதங்களில், விடிகாலையில் வைத்துக்கொள்வது இதனால்தான். அந்த வகையில் ஆகஸ்ட் நல்ல மாதம் என்பதை முகவருக்குச் சாதகமாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த அரை மணியில் மாணவருக்கு என்ன வேலை? வெப்பமானியைப் பிடிப்பது. மூக்குத் துளைக்கு முன் புறங்கையை வைத்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிச் சத்தமாகச் சொல்வது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாளில் எழுதுவது. உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் தண்ணீர் ஊற்றுவது. ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களில் எண் எழுதி ஊதா மூடியையும் சிவப்பு மூடியையும் மாற்றிவிடாமல் அடுக்குவது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் அந்தத் தாளில் நீங்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் மருத்துவர் அடுத்த மருந்தைக் கையில் எடுப்பார். உங்கள் கையைக் கட்டிப்போட்டு, கண்ணையும் பேனாவையும் மட்டும் வேலை வாங்கும் திட்டம்தான் நல்ல திட்டம்.

சிங்கக்குட்டி

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைப் பண்ணையில் வளர்க்கும் தொழில் உண்டு. பிறந்த சில நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். தாய் சீக்கிரம் மறுபடி கருத்தரிக்கும். குட்டிகளைப் 'பெற்றோரை இழந்தவை' என்று சொல்லி வெளிநாட்டு இளைஞர்களிடம் பணம் வாங்கிப் பால் கொடுக்கவைப்பார்கள். வளர்ந்தவை சுற்றுலாப் பயணிகளோடு நடைபழகும். அதற்கும் பெரிதானால் வேலிக்குள் வேட்டையாட விற்கப்படும்; எலும்பும் விலைபோகும். மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது என்பதால், 'வளர்த்துக் காட்டில் விடுவோம்' என்ற வாக்குறுதியும் நிற்காது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிக் கோயில் என்று பெயர்பெற்ற இடத்தில் 2016-இல் அதிகாரிகள் புகுந்தபோது உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. அதுவரை அங்கே போய்ப் புலியோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் விலங்குகளை நேசித்தவர்கள்தான்.

உண்மையான மீட்பு மையத்தில் மனிதத் தொடர்பை முடிந்தவரை குறைப்பார்கள். குட்டியைத் தொட விடுவதையே விளம்பரமாக வைத்திருக்கும் இடம் எதுவாக இருந்தாலும், அங்கே போகாதீர்கள்.

முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் பேச வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள்.

1. எங்களோடு இருக்கப்போகும் கால்நடை மருத்துவரின் பெயர், தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கழகப் பதிவெண் என்ன? 21 நாளில் எத்தனை நாள் அவர் நேரில் இருப்பார்?

2. அந்த வாரம் விலங்குக்கு மருத்துவத் தேவை எதுவும் எழவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? 'உங்களுக்காக ஒரு விலங்கை மயக்கிக் காட்டுவோம்' என்று பதில் வந்தால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வேறு வேலைக்காக மயக்கும்போது நாம் கூட நிற்பது வேறு; நமக்காக மயக்குவது வேறு.

3. 18 வயது நிரம்பாதவருக்குப் பொறுப்பு யார்? எந்த வகை விசா? அந்த விசாவில் இந்தப் பயிற்சி செல்லுமா?

4. ரத்து செய்தால், ஒத்திப்போட்டால் பணம் எவ்வளவு திரும்பும்?

உடம்பும் தாள்களும்

போவதென்று முடிவானால்: வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்; எத்தனை தவணை, எந்தெந்த நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இது ஆப்பிரிக்காவுக்காக மட்டும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாருக்கும் வேண்டும். போட்டிருந்தாலும் கடிபட்டால் மீண்டும் ஊசி உண்டு, மறந்துவிடக் கூடாது. க்ரூகர் பகுதியில் மலேரியாக் காலம் செப்டம்பர் முதல் மே வரை. ஆகஸ்டில் ஆபத்து குறைவு. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் காய்ச்சலும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சல். மருத்துவரிடம் ஆப்பிரிக்கப் பயணத்தைச் சொல்லாவிட்டால் நம் ஊரில் டெங்கு என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.

மலிவான விமானச் சீட்டு பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக இருக்கும். இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் உள்ளவை. திரும்பும்போது தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. கிண்டி கிங் நிலையத்தில் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன் போட்டுவிடுங்கள், வாக்குவாதமே வராது.

17 வயதில் தனியாகப் போகிறீர்கள் என்றால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் தயாராக இருக்க வேண்டும். அம்மாவைத் தாண்டிப் போக வழியில்லை என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் மாடுகளுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா-1 வகைகளுக்கானது. தென்னாப்பிரிக்காவில் சுற்றுவது சாட் என்ற வேறு வகை. நம் தடுப்பூசி அதைத் தடுக்காது. காலணிகளை அங்கேயே தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். திரும்பி வந்து ஒரு வாரமாவது எந்த மாட்டுத் தொழுவத்துக்குள்ளும் போகாதீர்கள்.

இந்த ஆகஸ்டில் என்ன செய்யலாம்?

மாநிலக் கலந்தாய்வு நாட்கள் அறிவிப்பு வந்த பிறகுதான் உறுதியாகும். சான்றிதழ் சரிபார்ப்பு, இடத் தேர்வு, கட்டணம் கட்டுதல் எல்லாம் அடுத்தடுத்து வரும். உங்கள் மூன்று வாரத்தின் மேலேயே அவை வந்து விழக்கூடும். காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் ஒரு நாள் தவறினாலும் இடம் கைநழுவும். 189-க்கு இடம் கிடைக்குமா என்பது உங்கள் இனப்பிரிவையும் இந்த ஆண்டுப் போட்டியையும் பொறுத்தது. அந்தக் கணக்கு முடியும்வரை ஊரைவிட்டு நகராதீர்கள். இதே பயணத்தை மூன்றாம், நான்காம் ஆண்டு விடுமுறையில் போனால், மருந்தியலும் உடற்கூறியலும் படித்த கண்ணோடு போவீர்கள். அதே காண்டாமிருகம் அப்போது உங்களுக்குப் பத்து மடங்கு கற்றுத் தரும்.

அதுவரை உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கால்நடை உதவி மருத்துவரிடம் பத்து நாள் உடன் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு நோட்டும் தையல்காரர் டேப்பும் போதும். வரும் ஒவ்வொரு மாட்டையும் பார்த்து எடையை மனதில் ஊகித்து எழுதுங்கள். பிறகு உரிமையாளர் பிடித்துக்கொள்ள, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் சுமார் 273 கிலோ. முதல் நாள் நீங்கள் 200 என்றோ 400 என்றோ எழுதியிருப்பீர்கள். பத்தாம் நாள் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். காட்டில் எந்த விலங்கும் தராசில் ஏறி நிற்காது. தூரத்திலிருந்து கண்ணால் எடை போட்டுத்தான் ஊசியில் மருந்தை அளக்க வேண்டும். கூடப் போட்டால் மூச்சு நிற்கும். குறையப் போட்டால் விலங்கு பாதி மயக்கத்தில் நெடுந்தூரம் ஓடித் தசை நொறுங்கும். மருந்தகத்துத் திண்ணையில் கிடைக்கும் இந்தப் பயிற்சிக்கு 2,80,000 ரூபாய் கேட்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். அவர் பயப்படுவது தூரத்தை மட்டும் என்று தோன்றவில்லை. யார் என்றே தெரியாதவரிடம் பிள்ளையை அனுப்புவதைத்தான். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கு வரும் பதிலை அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

முன்பணம்: இன்றே மின்னஞ்சலில், உங்கள் பெயரை மூன்று ஆண்டுக்குப் பிந்தைய தொகுதிக்கு மாற்றித் தர முடியுமா, இல்லையேல் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். வங்கிப் பரிமாற்றச் சான்றையும் முகவரின் விளம்பரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதும் தந்ததும் வேறு என்றால் நுகர்வோர் ஆணையத்தில் அவை சாட்சி. திருப்பித் தர மறுத்தால், 25,000 போனது போகட்டும். அதைக் காப்பாற்றுவதற்காக மீதி 2,55,000-ஐயும் கட்டும்படி அப்பாவைச் சீட்டு எடுக்க வைக்காதீர்கள்.